கோடையில் பென் நெவிஸ்: சின்ன மலைதானே என்று கேட்டவருக்கு

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கிளாஸ்கோவில் முதுகலை படிக்கும் ஒருவர், பிரிட்டனின் மிக உயரமான மலையான பென் நெவிஸ் ஏற, ஜூலை நடுவில் ஒரு சனி, ஞாயிறுக்கு அதன் அடிவாரத்து ஊரான ஃபோர்ட் வில்லியமில் விடுதி பதிவு செய்துவிட்டார். நான்கு பேர் போகிறார்கள். "வெள்ளியங்கிரி இரண்டு தடவை ஏறியிருக்கிறேன். பென் நெவிஸ் வெறும் 1345 மீட்டர்தான், அதுவும் கோடை. வழிகாட்டி இல்லாமல் போகலாமா? மறுநாள் பக்கத்துக் கிளென்கோ பள்ளத்தாக்கில் கயிறு கட்டிப் பாறை ஏற முடியுமா? ஓடுகிற ஷூ போதுமா?" என்று கேட்டிருக்கிறார். பார்க்க மூன்று கேள்விகள். எனக்குக் கேட்பது ஒன்றுதான்: சின்ன மலைதானே, இதற்கு ஏன் எல்லாரும் இவ்வளவு எச்சரிக்கிறார்கள்?

பதிலுக்கு முன்னால் என் எல்லையைச் சொல்லிவிடுவது நியாயம். பதினான்கு வருடமாக இந்த மலைகளில் நடக்கிறேன். சம்மர் மவுண்டன் லீடர் சான்றிதழ் வாங்கி எட்டுக் கோடைகளாகக் குழுக்களை அழைத்துப் போகிறேன். அந்தச் சான்றிதழ் நடைக்கு மட்டும். கயிறு போட்டு இன்னொருவரைப் பாறையில் ஏற்ற அது எனக்குத் தகுதி தராது. பாறை ஏறுவதெல்லாம் என் சொந்த ஆசைக்கு, பழகிய நண்பர்களோடு, எளிய தரங்களில்தான். ஆகவே நடையைப் பற்றி உறுதியாகவே பேசுவேன், பாறையைப் பற்றி ஓர் ஏறுபவனாக மட்டும் பேசுவேன். உங்கள் நால்வரின் உடல் எப்படி, யாருக்கு முழங்கால் வலி, யாருக்கு உயரம் கண்டால் தலை சுற்றும் என்பதை இங்கே உட்கார்ந்துகொண்டு என்னால் அளக்க முடியாது.

உறுதியானதில் தொடங்குகிறேன். 1345 மீட்டர் என்பது கடல் மட்டத்திலிருந்து. நீங்கள் நடக்கத் தொடங்கும் கிளென் நெவிஸ் பள்ளத்தாக்கும் கிட்டத்தட்ட கடல் மட்டத்தில்தான் இருக்கிறது. அதாவது பாதி உயரத்தை வண்டியில் கடந்துவிட்டு மீதியை நடக்கிற வசதி இங்கே இல்லை, முழு உயரமும் உங்கள் கால்தான். போகவர 16, 17 கிலோமீட்டர். 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்டிஷ் மலையேறி ஒரு கணக்குச் சொன்னார், இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறோம்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கூடுதலாக அரை மணி. அதன்படி உச்சிக்கு நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். அது நிற்காமல் நடக்கும் கணக்கு. சாப்பாடு, ஓய்வு, இறக்கம் எல்லாம் சேர்த்து ஏழிலிருந்து ஒன்பது மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளியங்கிரி ஏறிய கால் இதைத் தாங்கும். அந்தப் பழக்கம் வீண் என்று சொல்லவே மாட்டேன். ஏழு மலை ஏறி இறங்கியவருக்கு, தொடை நடுங்கும்போது எப்படி நிதானமாக இறங்குவது என்பது தெரியும். ஆனால் அங்கே முன்னாலும் பின்னாலும் ஆட்கள், கையில் மூங்கில் தடி, வழி தவறவே வழியில்லை. இங்கே மேலே போனதும் வழி மறைந்துபோகலாம். வித்தியாசம் அதுதான், உயரம் இல்லை.

பென் நெவிஸ் உச்சியில் 1883 முதல் 1904 வரை ஒரு வானிலை ஆய்வு நிலையம் இருந்தது. இன்று எல்லாரும் நடக்கும் பாதையே அந்த நிலையத்துக்குக் குதிரைகளில் சாமான் ஏற்றப் போட்டதுதான். அங்கே ஆட்கள் தங்கி எடுத்த அளவீடுகளின்படி, உச்சியின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழே, மழை ஆண்டுக்கு சுமார் 4000 மில்லிமீட்டர். கோடையைத் தனியாக எடுத்துப் பார்ப்போம். பள்ளத்தாக்கில் 16 டிகிரி, நீங்கள் டீ-ஷர்ட்டில் நிற்கிறீர்கள். உயரம் கூடக் கூட வெப்பம் குறைந்து உச்சியில் ஏறக்குறைய ஏழு டிகிரி இருக்கும். அதில் மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று அடித்தால் உடம்புக்கு அது ஒன்றோ இரண்டோ டிகிரி. அந்தக் காற்றில் பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் நனைந்திருந்தால் என்ன ஆகும் என்று நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். ஒரு ஜூலை பிற்பகல், உச்சிக்கு அருகில் ஓர் இளைஞர் கல்லில் உட்கார்ந்து ஒரு சாக்லேட் உறையைப் பிரிக்க முயன்றுகொண்டிருந்தார். விரல்கள் மடங்கவில்லை. பல்லால் கடித்தும் முடியவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் பேச்சு குழறியது. குளிர் உடம்புக்குள் இறங்கிவிட்டதன் அடையாளம் அது. உலர்ந்த கம்பளிச் சட்டை, என் கையுறை, ஃப்ளாஸ்கில் இருந்த சூடான இனிப்புத் தேநீர் எல்லாம் கொடுத்து, கையைப் பிடித்து 400 மீட்டர் இறக்கிய பிறகுதான் ஒழுங்காகப் பேசினார். அன்று கீழே ஐஸ்கிரீம் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

அதே உச்சியில் மேகம் அற்புதங்களும் காட்டும். 1894-ல் அந்த நிலையத்தில் சில வாரம் வேலை பார்த்த சி. டி. ஆர். வில்சன் என்ற இயற்பியலாளர், மேகத்தின் மேல் விழும் நிழலைச் சுற்றி வண்ண வளையங்கள் தோன்றுவதைக் கண்டு வியந்து, அதைச் சோதனைக்கூடத்தில் உண்டாக்கப் பார்த்தார். அந்த முயற்சிதான் மின்னூட்டத் துகள்களின் தடத்தைக் காட்டும் மேக அறை என்ற கருவியாகி அவருக்கு 1927-ல் நோபல் பரிசு வாங்கித் தந்தது. நீங்கள் மேலே போய்ச் சூரியன் முதுகுக்குப் பின்னாலும் மேகம் காலுக்குக் கீழேயும் இருக்கும்படி அமைந்தால், கொஞ்சம் நின்று பாருங்கள்.

சரி, வழிக்கு வருவோம். கீழிருந்து பாதை அகலமாக, கல் பாவி, தெளிவாக இருக்கும். கூட்டமும் இருக்கும். 570 மீட்டர் வாக்கில் ஓர் ஏரி வரும், உள்ளூரில் மெலன்டீ என்பார்கள். அதுவரை வழிகாட்டி தேவையே இல்லை. அதற்கு மேல் வளைந்து வளைந்து ஏறி உச்சிச் சமவெளிக்குப் போவீர்கள். அங்கேதான் சிக்கல். சமவெளி முழுக்க உடைந்த கல், வலப்பக்கத்துக் கல்லுக்கும் இடப்பக்கத்துக் கல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. மேகம் இறங்கினால் பத்து மீட்டர் தாண்டிப் பார்வை போகாது. இறங்கும்போது வலப்பக்கம், அதாவது வடக்கே, நூற்றுக்கணக்கான மீட்டர் செங்குத்துப் பாறை. அதில் கார்டிலூ என்ற பிளவு பாதைக்கு மிக அருகில் வாய் திறந்து நிற்கிறது. (பழைய எடின்பரோவில் ஜன்னல் வழியாகக் கழிவு நீர் கொட்டுமுன் கத்தும் சொல் அது. நிலையத்துக்காரர்கள் குப்பையை அந்தப் பிளவில்தான் கொட்டினார்கள்.) அதற்குப் பயந்து அதிகமாக இடப்பக்கம் ஒதுங்கினால் ஃபைவ் ஃபிங்கர் என்ற இன்னொரு ஆபத்தான பிளவு. பென் நெவிஸில் வழி தவறி இறந்தவர்களில் பலர் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள அந்தக் குறுகலான சரியான கோட்டை விட்டவர்கள்.

அந்தக் கோடு இதுதான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் உள்ள நில அளவைத் தூணிலிருந்து வரைபடத்தின் வடக்கை வைத்துக் கணக்கிட்டு 231 டிகிரி திசையில், 150 மீட்டர். அப்புறம் 282 டிகிரி, சரிவு தொடங்கிப் பாதை தெளிவாகும் வரை. வழியில் ஆளுயரக் கல்குவியல்கள் வரிசையாக இருக்கின்றன, அவையும் உதவும். ஆனால் 150 மீட்டரை எப்படி அளப்பது? இடது கால் விழும்போது மட்டும் எண்ண வேண்டும். சமதரையில் எனக்கு 100 மீட்டருக்கு 64, கல் நிறைந்த இடத்தில் 75. உங்கள் எண் வேறாக இருக்கும். கிளாஸ்கோவில் ஏதாவது பூங்காவில் தூரத்தை அளந்து நடந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் திசைகாட்டியைப் பிடிக்கட்டும், ஒருவர் எண்ணட்டும், மற்ற இருவர் பேசாமல் வரட்டும். வழிகாட்டி வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு என் அளவுகோல் இதுதான்: நால்வரில் ஒருவருக்காவது இதைச் செய்ய வரும், அதை மூடுபனியில் நம்பி நடக்கும் துணிவும் இருக்கும் என்றால் வழிகாட்டி வேண்டாம். இல்லையென்றால், மேகமில்லாத நாளில் மட்டும் போங்கள், அல்லது ஆள் வைத்துக்கொள்ளுங்கள். ஃபோனில் வரைபடம் இருக்கிறதே என்பீர்கள். நானும் வைத்திருக்கிறேன், தினமும் பார்க்கிறேன். மழையில் நனைந்த திரை விரலுக்குக் கட்டுப்படாது, குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். ஆகவே ஃபோனோடு காகித வரைபடமும் வேண்டும்.

எனக்கே நடந்ததையும் சொல்கிறேன். நான்காவது வருடமோ ஐந்தாவது வருடமோ, கிளென்கோவில் புவஹல் எட்டிவ் மோர் என்ற மலை ஏறி, மேகத்துக்குள் உச்சியிலிருந்து இறங்கி வந்தோம். இரண்டு உச்சிகளுக்கு நடுவே உள்ள தாழ்ந்த கணவாயை இங்கே கேலிக் மொழியில் பெலஹ் என்பார்கள். அந்தப் பெலஹில் வடக்கே திரும்ப வேண்டும். நான் பேச்சு சுவாரசியத்தில் திசைகாட்டியை எடுக்காமல், தேய்ந்த தடம் தெரிந்த பக்கம் திரும்பிவிட்டேன். நாற்பது நிமிடம் இறங்கிய பிறகு மேகம் விலகியது. கீழே தெரிந்த ஆறு நான் எதிர்பார்த்த ஆறில்லை. தெற்கே கிளென் எட்டிவ் பள்ளத்தாக்குக்குள் இறங்கியிருந்தோம். திரும்ப ஏற ஒருவருக்கும் தெம்பில்லை. இரண்டரை மணி நேரம் தார்ச்சாலையில் நடந்து காருக்கு வந்தோம். ஜூலையில் இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருப்பதால் தப்பித்தோம். அதன் பிறகு எந்தப் பெலஹிலும் நான் வாய் திறப்பதற்கு முன் திசைகாட்டியைத் திறக்கிறேன்.

உங்கள் திட்டத்தில் என்னை உறுத்துவது மலை இல்லை, பதிவு. தேதியும் உச்சியும் ஒரு மாதம் முன்பே முடிவாகிவிட்டன, நான்கு பேர் காசு கட்டிவிட்டார்கள். அன்று காலை மேகம் தொங்கினாலும் "வந்ததுக்கு ஏறிடுவோம்" என்றுதான் தோன்றும். நான் பார்த்த சங்கடங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வாக்கியத்தில் தொடங்கியவை. இங்கே பழகியவர்கள் நாளைப் பார்த்துவிட்டுத்தான் மலையை முடிவு செய்கிறார்கள். மவுண்டன் வெதர் இன்ஃபர்மேஷன் சர்வீஸ் என்று மலைகளுக்காகவே இலவசமாக முன்னறிவிப்பு வெளியிடுகிறார்கள். அதில் உச்சியில் காற்று எவ்வளவு, அது நடையை எப்படிப் பாதிக்கும், உச்சிகள் மேகமில்லாமல் இருக்க எத்தனை சதவீத வாய்ப்பு என்றெல்லாம் இருக்கும். நகரத்து வானிலைச் செயலியைப் பார்க்காதீர்கள், அது ஃபோர்ட் வில்லியம் கடைத்தெருவுக்கான கணக்கு. முதல் நாள் மாலை வருவதைத்தான் நான் நம்புவேன், நான்கு நாள் முன்பு வருவது உத்தேசம்தான். உச்சியில் மணிக்கு 65 கிலோமீட்டருக்கு மேல் காற்று என்றால் நான் குழுவை மேலே கூட்டிப் போவதில்லை. மற்றவர்கள் வேறு எண் சொல்லலாம், இது என் எண்.

விடுதியை மாற்ற முடியாது, சரி. மலையை மாற்றலாம். மேகம் தாழ்ந்திருந்தால் மெலன்டீ ஏரிவரை போய்த் திரும்புங்கள், அல்லது பாப் ஆஃப் கிளென்கோ என்ற 742 மீட்டர் மலைக்குப் போங்கள். உச்சிதான் வேண்டும் என்றால் இன்னொரு வாரம் கிளாஸ்கோவிலிருந்தே ரயிலில் போய்வரலாம். குயின் ஸ்ட்ரீட் நிலையத்தில் ஏறினால் அராஹர் அண்ட் டார்பெட்டில் இறங்கி 884 மீட்டர் காப்லர் ஏறலாம். என்னைக் கேட்டால் பென் நெவிஸின் சாதாரணப் பாதையைவிட அழகான ஏற்றம் அது. 1930-களில் கப்பல் கட்டும் தளங்களில் வேலை போன கிளைட்பேங்க் இளைஞர்கள் வார இறுதியில் கையில் காசில்லாமல் வந்து பாறை ஏறிய மலை. அவர்கள் படுத்துத் தூங்கிய பெரிய கற்கள், நார்னெயின் கற்கள், இன்றும் பாதையோரம் கிடக்கின்றன. ஸ்காட்லாந்தின் பாறையேற்றம் பணக்காரர்களின் பொழுதுபோக்கிலிருந்து தொழிலாளிகளின் விளையாட்டாக மாறிய இடங்களில் அது ஒன்று. உச்சியில் ஒரு பெரிய பாறைக்கட்டி இருக்கிறது. அதன் ஓட்டைக்குள் நுழைந்து, மறுபக்கம் குறுகிய விளிம்பில் நகர்ந்துதான் அதன் மேல் ஏற வேண்டும். அதைச் செய்யாமல் கீழேயே நின்று திரும்புகிறவர்கள் ஏராளம். நீங்களும் தயங்கினால் அதில் ஒரு குறையும் இல்லை.

இனி பாறை. இங்கே முதலில், ஒரு பாறை வழி எவ்வளவு கடினம் என்று சொல்லும் தர வரிசையின் பெயர்கள் உங்களை ஏமாற்றும். மாடரேட், டிஃபிகல்ட், வெரி டிஃபிகல்ட், சிவியர் என்று போகும். டிஃபிகல்ட் என்ற பெயரைப் பார்த்துப் பயந்து மாடரேட்டை எடுப்பார்கள் சிலர், உள்ளரங்க ஏறு சுவரில் பழகிய சிலர் வெரி டிஃபிகல்ட்டே சுலபம் என்று கிளம்புவார்கள். நூறு வருடம் முன்பு ஆணி அடித்த பூட்ஸும் இடுப்பில் சுற்றிய சணல் கயிறுமாக ஏறியவர்கள் வைத்த பெயர்கள் அவை. இன்றைய கணக்கில் டிஃபிகல்ட் என்பது அடியிலிருந்து இரண்டாவது. ஆனால் தரம் எளிது என்பதால் விழுந்தால் ஒன்றும் ஆகாது என்று அர்த்தமில்லை. கிளென்கோவில் கர்வ்ட் ரிட்ஜ் என்ற பாறை முகடு வெறும் மாடரேட், பலர் கயிறில்லாமலே ஏறுகிறார்கள். படிக்கட்டு போலப் பிடிகள் வரும், ஏறுவது சுகம். நடுவில் மழை வந்து, ஏறிய வழியே இறங்க வேண்டி வந்தால் அதே படிகள் கண்ணுக்குத் தெரியாது. முன்னனுபவம் இல்லாமல் நீங்கள் நால்வரும் அங்கே போக வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன்.

ஸ்காட்டிஷ் மலைப் பாறைகளில் ஆணி அடித்து வளையம் வைத்திருக்க மாட்டார்கள். அது இங்கே வழக்கமில்லை. முன்னால் ஏறுபவர் தன் பாதுகாப்பைத் தானே பாறை இடுக்குகளில் வைத்துக்கொண்டே போவார், பின்னால் வருபவர் கழற்றிக்கொண்டே வருவார். 'நட்' என்பது சுண்டுவிரல் அகலத்தில் ஆப்பு வடிவ உலோகத் துண்டு, கம்பியில் கோத்திருக்கும். மேலே அகன்று கீழே குறுகும் விரிசலைத் தேடி, அதில் இறக்கி, கீழ்நோக்கி ஒரு வெடுக்கு. நன்றாக உட்கார்ந்தால் மந்தமான 'டொக்' என்ற சத்தம் வரும். விரிசலின் ஓரம் பொடிந்த கல்லாக இருந்தால் கரகரக்கும், அதை நம்பக் கூடாது. அந்த இரண்டு சத்தத்தையும் பிரித்தறிய எனக்கு ஒரு முழுக் கோடை பிடித்தது. உள்ளரங்கச் சுவரில் எவ்வளவு நன்றாக ஏறினாலும் இது அங்கே கிடைக்காது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை பாறைக்கு ஒரு பயிற்றுநர் கட்டாயம். நான்கு பேர் என்பதால் ஒரு கணக்கைக் கவனியுங்கள். கயிறு நீளத்துக்கு மேல் பல கட்டமாக ஏறும் நீண்ட பாறைக்கு ஒரு பயிற்றுநர் பொதுவாக இரண்டு பேரைத்தான் அழைத்துப் போவார். அதற்கு மவுண்டனீரிங் அண்ட் கிளைம்பிங் இன்ஸ்ட்ரக்டர் அல்லது பிரிட்டிஷ் மவுண்டன் கைடு தகுதி வேண்டும். ஒரே கயிறு நீளத்துக்குள் முடியும் சிறு பாறை என்றால், ராக் கிளைம்பிங் இன்ஸ்ட்ரக்டர் தகுதி உள்ள ஒருவரே நால்வரையும் பார்த்துக்கொள்வார், செலவும் பங்கு போட்டுக்கொள்ளலாம். அதற்குக் கிளென்கோ வரை போகவே வேண்டாம். நீங்கள் தங்கும் ஊரிலிருந்து கிளென் நெவிஸுக்குள் போனால் போல்டூ பாறைகள் சாலைக்கு மேலேயே இருக்கின்றன. காய்ந்திருக்கும்போது அந்தப் பாறை அருமையாகப் பிடிக்கும், நனைந்தால் வழுக்கும். மழை என்றால் பயிற்றுநரே வேறு இடம் சொல்வார், அவர் பேச்சைக் கேளுங்கள்.

காலணி பற்றி. 1899-ல் ஹர்கபீர் தாபா என்ற கூர்க்கா வீரர் ஸ்கை தீவில் ஸ்லிகாச்சன் விடுதியிலிருந்து 775 மீட்டர் கிளாமைக் மலைக்கு ஓடி ஏறி இறங்கி 55 நிமிடத்தில் திரும்பினார், வெறுங்காலில். இமயத்தில் வளர்ந்த கால் அது. நமக்கு அடிப்பகுதியில் ஆழமான பிடிப்புள்ள நடை பூட்ஸ் நல்லது. பென் நெவிஸ் பாதைக்கு மட்டும், காய்ந்த நாளில், அடி தேயாத மலை ஓட்ட ஷூ போதும். தெருவில் ஓடும் வழவழ ஷூ இறக்கத்தில் கவிழ்த்துவிடும். ஷூவைவிட முக்கியம் நீர் புகாத மேல்சட்டை, அதே மாதிரிக் கால்சட்டை, ஒரு கூடுதல் கம்பளி அல்லது ஃபிளீஸ், தொப்பி, கையுறை, தலைவிளக்கு, விசில். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம்.

மிட்ஜ் என்ற குட்டிக் கொசுவைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். காற்றில்லாத மாலையில் ஆயிரக்கணக்கில் காதுக்குள்ளும் இமையோரமும் மொய்க்கும். லேசான காற்று அடித்தாலே பறக்க முடியாது, அதனால் மேலே பிரச்சினை இல்லை, பாறையடியிலும் விடுதி வாசலிலும்தான். தலைக்கு மாட்டும் வலை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். புதர்ச்செடிகளுக்குள் நடந்த அன்று இரவு முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் உண்ணி பார்த்து, இருந்தால் அதற்கான கொக்கியால் மெல்லத் திருகி எடுங்கள். லைம் நோய் என்ற பாக்டீரியாத் தொற்று அதன் வழியாகத்தான் பரவுகிறது.

ஏதாவது ஆகிவிட்டால் 999 அழைத்து முதலில் போலீஸ், அப்புறம் மவுண்டன் ரெஸ்க்யூ என்று கேளுங்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள், பணம் வாங்க மாட்டார்கள். சிக்னல் பலவீனமான இடத்தில் குறுஞ்செய்தி போகலாம், ஆனால் அதற்கு 999-க்கு 'register' என்ற ஆங்கிலச் சொல்லை முன்பே அனுப்பிப் பதிந்திருக்க வேண்டும். இன்றைக்கே நால்வரும் செய்துவிடுங்கள். விசில் என்றால் ஒரு நிமிடத்தில் ஆறு தடவை, ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி ஆறு.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு நடக்கத் தொடங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஏரியில் ஒன்பதரை மணிக்கு நின்று நால்வரும் ஒரு தடவை பேசுங்கள்: மேலே மேகம் எங்கே நிற்கிறது, யாருக்காவது நனைந்துவிட்டதா, யாருக்காவது மேலே போக மனமில்லையா. ஒருவர் வேண்டாம் என்றாலும் நால்வருமாகத் திரும்புங்கள், ஒருவரைத் தனியாகக் கீழே அனுப்பாதீர்கள். வெள்ளிக்கிழமை மாலை வரும் முன்னறிவிப்பில் காற்றும் மேகமும் என்ன எண் காட்டுகின்றன என்று இங்கேயே எழுதுங்கள். பென் நெவிஸா, பாப் ஆஃப் கிளென்கோவா, ஏரியோடு திரும்புவதா என்று அன்றிரவே சொல்கிறேன்.